கோமதி ஏறவேண்டிய பஸ்ஸு

நகைச்சுவைத் தொடருக்கு வசனம் எழுதுவது என்பது, ஒருத்தியை இந்த வாரம் முட்டாளாக்கி, அடுத்த வாரம் வருவதற்குள் அவள் அதிலிருந்து எதையும் கற்றுக்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பார்க்கிற உங்களுக்கு வாரத்தில் அரை மணி நேரம்தான் அவதி. எழுதுகிற எனக்கு வாரம் முழுக்க. எப்படியானாலும் நாம் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் என்பதால், உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

பெங்களூரில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் இங்கிலீஷில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தைந்து தாண்டியபிறகு அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். இங்கே நூல் வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, சொந்தச் செலவில் ‘தண்ணி லாரித் தெரு’ என்று ஒரு தொடர் நடத்துகிறார். முதலில் உள்ளூர் கேபிளில் வந்தது, இப்போது எல்லோர் செல்போனிலும் வருகிறது. தெருவில் மளிகைக் கடைக்காரர் பரமன், மகா கஞ்சன். அவர் மனைவி கோமதி. காரியாபட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பி, பஸ் மாறி ஏறி, பாலவனத்தத்தில் போய் இறங்குவாள். வாரவாரம் இறங்குவாள்.

பேப்பர் படித்தவள்

வேலைக்குச் சேர்ந்ததும், நான் வருவதற்கு முன்னால் எடுத்த பகுதிகளை ஆரம்பத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். அதில் இருந்த கோமதி வேறு மாதிரி. கண்ணாடியைத் தொலைத்த புருஷனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாள். எடைக்கல்லில் அவர் செய்யும் தில்லுமுல்லைக் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே போட்டு உடைக்கிறாள். பஸ் மாறி ஏறியதும் ஒரே ஒரு தடவைதான். பரமனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே, ஆத்திரத்தில் போர்டைப் பார்க்காமல் ஏறிவிட்டாள். அந்தக் கோபம்தான் அங்கே சிரிப்பு.

ஜனங்கள் சிரித்தார்கள் என்று அடுத்த வாரமும் ஏற்றினார்கள். போகப்போகப் போனைக் கழற்றினார்கள், சண்டையைக் கழற்றினார்கள், கோபத்தையும் கழற்றினார்கள். மிஞ்சியது பஸ். காரணம் வேண்டுமே என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றாக்கினார்கள். பஸ்ஸில் படம் எடுப்பது பெரிய தொல்லை என்பதால், அன்றைக்கு எடுத்த ‘பாலவனத்தத்தில் இறங்கும் காட்சி’யைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாரவாரம் அதையே ஒட்டினார்கள். இப்படிச் செய்யலாமா, இவள் பேப்பர் படித்தவள் இல்லையா என்று கத்தினேன். படம்பிடித்து வெட்டி ஒட்டும் பாண்டி தலையைக்கூடத் திருப்பவில்லை.

“போர்டு படிக்கத் தெரிஞ்சா அப்புறம் அவ எதுக்கு சார் தொடர்ல?”

பரமன் வள்ளலான வாரம்

பாத்திரம் மாறினால் பார்ப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது எங்கள் அண்ணாச்சியின் சித்தாந்தம். பரமனாக நடிப்பவர் சங்கரலிங்கம். பங்குனிப் பொங்கலுக்கு அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா, “இம்புட்டு கஞ்சத்தனம் ஆகாதுய்யா ஒமக்கு” என்று கன்னத்தில் இடித்துவிட்டது. மனிதர் மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்து, இனி எடைக்கல் காட்சியில் நடிக்கமாட்டேன் என்றார்.

அந்த வாரமே பரமன் தெரு முழுக்க இலவசமாக அரிசி கொடுத்தார். சாவு இல்லை, நோவு இல்லை, மனசு மாற ஒரு காட்சிகூட இல்லை. கஞ்சனாகப் படுத்தவர் வள்ளலாக எழுந்தார். யாரும் ஓடவில்லை. அப்படியானால் கோமதியும் கொஞ்சம் தேறலாமே என்று கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“சங்கரலிங்கம் நாலு பேரு மதிக்கிற மனுசன், தம்பி. அவுக வெளிய தெருவப் போக வேண்டாமா?”

லோடு

வெளியே தெருவில் போக வேண்டியவள் இன்னொருத்தியும் இருந்தாள். கோமதியாக நடிக்கும் செல்வராணி. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவள் பாளையம்பட்டியில் நைட்டி தைக்கும் ஒரு யூனிட்டில் வேலை பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் நடித்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். அந்த பஸ்ஸிலேயே, “யக்கா, இது பாலவனத்தம் போகாது, எறங்கிக்க” என்று கண்டக்டர் வரை கேலி. அதையெல்லாம் அவள் சிரித்துத் தள்ளிவிடுவாள்.

யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை காலியானது. அங்கே எல்லோரையும்விடப் பழைய ஆள் இவள்தான். முதலாளி இவளுக்குப் பின்னால் வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த இடம் காலியாகும்போதும் இதே கதைதான் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் மேக்கப் போட உட்காரவில்லை. ஒரு தடவையாவது கோமதியைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் நான் வரவில்லை என்றாள். முதலாளி அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டேன். மூக்கு விடைக்கச் சொன்னாள்.

“மதுரைக்கு லோடு அனுப்பச் சொன்னா, நீ பாலவனத்தத்துல எறக்கிருவியே ஆத்தான்னு சொல்லிச் சிரிக்காருண்ணே, அம்புட்டுப் பேரு முன்னாலயும்.”

ஏறியவள் ஒருத்தி, இறங்கியவள் ஒருத்தி

எழுதினேன். இந்தத் தொழிலில் நான் ஆசைப்பட்டு எழுதிய ஒரே பகுதி அதுதான். கோமதி போர்டைப் படிக்கிறாள், முண்டியடித்து ஏறுகிறாள், காரியாபட்டியில் இறங்குகிறாள். தங்கச்சி வாயைப் பிளந்து “எப்படிக்கா வந்த?” என்கிறாள். “பஸ்ஸுலதான்டி.” அங்கே பரமன், பொண்டாட்டியைக் கூட்டிவரும் பழக்கத்தில் பாலவனத்தம் ஸ்டாப்பில் போய் நிற்கிறார், பஸ் பஸ்ஸாக எட்டிப் பார்க்கிறார். ஒருத்தி மாறினால் எல்லோருக்கும் புதிதாக வேலை வந்துவிடுகிறது, பாருங்கள். சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. அண்ணாச்சியும் படித்துவிட்டுத் தலையாட்டினார். பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து எடுத்தோம். செல்வராணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த வருகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்க விடவில்லை. “ஜனங்க பாலவனத்தத்தை எதிர்பாப்பாங்க” என்று அண்ணாச்சி கடைசி நேரத்தில் பாண்டியிடம் சொல்லி, பிற்பாதியை வெட்டிப்போட்டு, பழைய இறங்கும் காட்சியை ஒட்டச் சொல்லிவிட்டார். போர்டைப் படித்துக் காரியாபட்டி பஸ்ஸில் ஏறியவள் பாலவனத்தத்தில் இறங்கினாள். ஏறும்போது காதோரம் நரை, கொஞ்சம் கனத்த உடம்பு. இறங்கும்போது நரையைக் காணோம், ஒடிசலாக, அன்றைய கோபத்தோடு. ஒரு பொம்பளையின் இத்தனை வருஷத்தையும் ஒரு வெட்டில் துடைத்துப் போட்டுவிட்டார்கள். நான் கொதித்துப்போய் டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு ஆள் செல்போனைக் காட்டிக் கூட்டாளியிடம் சொன்னார்.

“ஏலே, ஏறையில கெழவி, எறங்கையில கொமரி! எந்த பஸ்ஸுன்னு கேட்டுச் சொல்லு, என் வீட்டுக்காரியையும் ஏத்திவிடுதேன்.”

பச்சைச் சேலை

செல்வராணி வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவே இல்லை. கோமதியின் பச்சைச் சேலை கம்பெனிச் சொத்து. விருதுநகரில் மேடை நாடகம் போட்ட ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அதைக் கட்டிவிட்டார். முகம் வேறு, குரல் வேறு, நடை வேறு. இதையாவது ஜனங்கள் தாங்கமாட்டார்கள், நாலு பேராவது திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். புதுக் கோமதி பஸ் மாறி ஏறினாள், செல்வராணி பாலவனத்தத்தில் இறங்கினாள். ஒருத்தரும் திட்டவில்லை. மறுவாரம் அந்தக் காட்சியையும் புதுப் பெண்ணை வைத்தே எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், செல்வராணி மொத்தமாகத் துடைக்கப்பட்டாள். நான் வருந்தியதைப் பார்த்து சங்கரலிங்கம், வெள்ளைச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஆறுதல் சொன்னார்.

“கோமதி இப்ப கொஞ்சம் செவப்பா வாரா. மத்தபடி அவளேதான் சார்.”

பஸ் ஸ்டாண்டில்

போன வாரம் செல்வராணியைப் பார்த்தேன். மதுரை ரோடு பஸ்கள் நிற்கும் பக்கம், சாப்பாட்டுப் பையோடு நின்றாள். முகத்தைப் பார்க்கக் கூசி ஒதுங்கினேன். அவளே கூப்பிட்டாள். காரியாபட்டியில் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டாளாம். எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. காரியாபட்டிக்காரர்கள் தொடர் பார்ப்பதில்லையா? அந்த முதலாளி உன்னை அடையாளம் கண்டுபிடிக்கவில்லையா?

“கேட்டாருண்ணே, நீ கோமதிதானன்னு” என்றாள். பஸ் வந்தது. கண்டக்டர் இவளைப் பார்த்தான், எந்தக் கேலியும் இல்லாமல் வழிவிட்டான். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“அவ வேற ஆளு, வேணும்னா போட்டுப் பாருங்கன்னேன். செல்லுல பாத்துட்டு, ஆமா வேற ஆளுதான்னு அப்பவே வேலையக் குடுத்துட்டாரு. வாரேண்ணே!”

இத்தனை வருஷம் ஆளாளுக்குப் பாடுபட்டு ஒரு பாத்திரத்தை மாறவே விடாமல் காப்பாற்றியதில் கண்ட ஒரே நல்ல பலன், அதிலிருந்து ஒருத்தி இறங்கிப் போனதை ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பதுதான்.