ப்ரைஸ் மாட்டிய படமும் ஜோலானாவின் கண்ணாடியும்

டாமரக் என்ற சுரங்க ஊரில் ஜோலானா ஹுடாக்கிடம் வம்பு வைத்துக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள். கெட்டவள் என்று இல்லை. புருஷன் சுரங்கத்தில் செத்த பிறகு மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவள். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் முதல் சூப் இவள் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் வைத்துக்கொண்டதுதான். கடவுளே இறங்கி வந்து விட்டுவிடம்மா என்று கெஞ்சினாலும் விடமாட்டாள்.

அவள் மனசில் வைத்திருந்தது ப்ரைஸ் குடும்பத்தை.

அவளுடைய அப்பா ஓந்த்ரெய் ஊர் பேஸ்பால் அணியில் பந்து வீசினவர். பக்கத்து ஊர்க்காரர்களை இறுதி ஆட்டத்தில் சுருட்டியது அவருடைய வலது கை. பேர் வாங்கியதோ அணித் தலைவன் கிரிஃபித் ப்ரைஸ். அவனும் பந்து வீசுகிறவன்தான், இடது கைக்காரன். அன்றைக்குத் தோள் வலி என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஊரெல்லாம் தானே வீசி ஜெயித்ததாகச் சொன்னான். "அது பொய்" என்று மதுக்கடையில் நாலு பேர் முன்னால் ஓந்த்ரெய் கேட்டுவிட்டார். கிரிஃபித்தோ சுரங்கத்தில் மேஸ்திரி. அடுத்த வாரமே அவரை முழங்கால் தண்ணீர் நிற்கிற அடிக்குழிக்கு அனுப்பினான். நுரையீரல் கெட்டு, இருமி இருமிச் செத்தார். அப்பாவின் புகைப்படம் ஒன்றுகூட ஜோலானாவிடம் கிடையாது. அந்த இருமல் மட்டும் காதில் இருந்தது.

இப்போது கிரிஃபித்தும் இல்லை. அவன் மகன் ஐவர் ப்ரைஸ் மதுக்கடை நடத்துகிறான். அப்பன் வீட்டுப் பரணில் ஒரு பழைய படம் கிடைத்ததாம். நடுவில் மீசைக்காரன் ஒருவன், வலது கையில் கையுறை. கையுறை வலது கையில் என்றால் பந்து இடது கையில். ஊரில் இடது கையால் வீசினவன் கிரிஃபித் ஒருவன்தான். "பாத்தீங்களா, எங்கப்பா! ஜெயிச்ச அணி!" என்று ஐவர் அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினான். ஆற்றங்கரை ஆட்ட மைதானத்துக்கு கிரிஃபித் ப்ரைஸ் பேரை வைக்க ஊர்ச் சபையையும் சரிக்கட்டிவிட்டான். அழைப்பு அட்டையிலும் அதே படம்.

வெள்ளிக்கிழமை மாதா கோயிலின் கீழ்த்தள அடுப்படியில் பெண்கள் கூடி, விற்பதற்காக பிரோஹி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மாவின் ஓரத்தை விரலால் கிள்ளி மூடுகிற வேலை. ஐவர் நேரே அங்கேயே வந்து அட்டையைக் கொடுத்தான்.

"ஜோலானாக்கா, கட்டாயம் வரணும். உங்கப்பாவும் அந்த அணிக்குத் தண்ணி தூக்கினவராமே?"

மற்றவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. ஜோலானா அவனுக்கு ஒரு டஜன் கட்டி, மேலே இரண்டு பிரோஹி அதிகமாக வைத்தாள்.

"வர்றேன் தம்பி. வராம இருப்பேனா?"

அவன் படியேறிப் போனதும் தோழி மில்கா பாய்ந்தாள். "ஏண்டி, அவன் மூஞ்சியில மாவை அப்பாம ரெண்டு சேர்த்துக் குடுக்கறியே!"

"தின்னட்டும்டி. தெம்பா இருக்கணும் அவன்."

அட்டையை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, அந்த மீசைக்காரனை முறைத்துக்கொண்டே கிள்ளினாள். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது.

"மில்கா, இவனுங்க சட்டையைப் பாரு. ஆம்பளைச் சட்டையில இடப்பக்கத் துணிதானே மேல வரும்? இங்க வலப்பக்கம் வந்திருக்கு. எல்லாருக்கும்."

"பொண்டாட்டி ரவிக்கையப் போட்டுட்டு வந்தானுங்களோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோலானா சிரிக்கவில்லை. கழுவறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அட்டைக்கு எதிரே பிடித்தாள். பொத்தான்கள் ஒழுங்காகிவிட்டன. படம் எடுத்தவன் நெகட்டிவ் கண்ணாடித் தகட்டைத் திருப்பிப்போட்டு அச்சடித்துவிட்டான். நெஞ்சில் இருந்த ஒற்றை ஆங்கில 'T' எழுத்து எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி நிற்கும். அதனால்தான் யார் கண்ணுக்கும் படவில்லை.

கண்ணாடிக்குள் மீசைக்காரன் கையுறை இடது கையில். அப்படியென்றால் வலது கைக்காரன்.

"அப்பா," என்றாள் ஜோலானா. அவள் குரல் அப்படிக் குழைந்து மில்கா அதுவரை கேட்டதில்லை. காது மடல், தாடை எல்லாம் அவர்தான் என்று பட்டது. மாவு காய்ந்துபோகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் பின்னால் இருந்த மேட்டைப் பார்த்தாள். அட்டையில் அது கரி உடைக்கும் ஆலைக்கு இடப்பக்கம், ஊரில் கரித்தூள் கொட்டுகிற பக்கம், இருந்ததால் எல்லோரும் கரித்தூள் மேடு என்று நினைத்திருந்தார்கள். கண்ணாடியில் வலப்பக்கம் வந்துவிட்டது. அது இவர்கள் நின்றுகொண்டிருக்கிற மலையேதான். ஆனால் உச்சி மொட்டையாகக் கிடந்தது. கோயில் இல்லை.

கோயில் வாசல் கல்லில் கட்டின வருஷம் செதுக்கியிருக்கிறது. ஓந்த்ரெய் கப்பலேறி இந்த ஊருக்கு வந்ததே அதற்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான். கல்யாணம் செய்துகொண்டதும் இதே கோயிலில். படத்தில் இருப்பவன் வேறு யாரோ.

மில்காவுக்கும் புரிந்துவிட்டது. காதோரம் குனிந்தாள். "மலையைப் பத்தி வாயத் திறக்காதடி. பொத்தானை மட்டும் சொல்லு. மைதானத்துக்கு உங்கப்பா பேரு வந்துடும். வீட்ல மாட்ட ஒரு முகமும் கிடைக்கும்."

"பொத்தானை மட்டும் சொன்னா, தையக்காரன் தப்பாத் தச்சான்னு தப்பிச்சுடுவான். மலையைக் காட்டினா எங்க ஓடுவான்?"

"உங்கப்பா முகமும் போயிடுமேடி."

ஜோலானா கண்ணாடியைத் துணியில் சுற்றினாள். "போகட்டும். அவன் அப்பன் மூஞ்சி அங்க தொங்கக் கூடாது. அது போதும் எனக்கு."

ஐவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவனும் கௌரவமாகப் படத்தை எடுத்திருப்பான். அவள் சொல்லவில்லை. அவன் பந்தல் போட்டான், வாத்தியக்காரர்களை வரவழைத்தான், புதுக் கோட்டு தைத்துக்கொண்டான். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

ஆட்டப் பருவத்தின் முதல் நாள், ஊரே கூடியிருக்க, ஐவர் படத்தின் திரையை விலக்கினான். கைதட்டல் அடங்கியதும் ஜோலானா துணிமூட்டையோடு மேடையேறினாள்.

"ஐவர், இந்தக் கண்ணாடியில பாரு. பொத்தான் எந்தப் பக்கம்? சரியா இருக்கில்ல? இப்ப அந்த மலையைப் பாரு. நம்ம கோயில் மலைதானே? கோயில் எங்கடா?"

முன்வரிசை எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. ஐவரின் சொந்த ஜனம், கிரிஃபித்தோடு பள்ளியில் படித்த லெவலின் கிழவர், தடியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்துவிட்டார்.

"கோயில் கட்டுறப்ப கல்லு வண்டி பின்னாடி அரை டவுசரோட ஓடினவங்கடா நானும் உங்கப்பனும். இந்த மீசை எப்படிடா அவனுக்கு வந்துச்சு?"

கூட்டம் குபீர் என்று சிரித்தது. வாத்தியக்காரன்கூடச் சிரித்தான். ஐவர் முகம் கறுத்துப்போய்ப் பல்லைக் கடித்தான்.

"அப்படின்னா உங்கப்பனும் இதுல இல்ல!"

"இல்லடா," என்றாள் ஜோலானா. "நான் உனக்கு முன்னாடியே பாத்துட்டேன். இல்ல."

இறங்கிவந்து உட்கார்ந்து, அன்றைய ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை பார்த்தாள். இரண்டு தொத்திறைச்சி ரொட்டி தின்றாள். எதிர்வரிசையில் ஐவரின் பெண்டாட்டி அழுதுகொண்டிருந்தாள். ஜோலானா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பேர்ப்பலகை ஏறவே இல்லை. இன்றைக்கும் ஊர் அதை ஆத்து மைதானம் என்றுதான் சொல்கிறது. மீசைக்காரன் யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜோலானாவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகக் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு, ஐவரின் மதுக்கடை ஜன்னலை ஒட்டிய சுற்றுவழியில்தான் இப்போதெல்லாம் போகிறாள். மெதுவாக.