பத்து வாட்டே போதும்

எலி மூத்திர வாடையும் கருகிய வயர் வாடையும் கலந்தால் ஒரு நெடி அடிக்கும். எனக்குப் பதினாறு வயதானபோது மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊரில் எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில் அந்த நெடி மூன்று வாரம் குடியிருந்தது. அது வந்தது ஒரு கிட்டார் ஆம்ப்ளிபையரிலிருந்து. அதைக் கொண்டுவந்து இறக்கியவர் குணா அங்கிள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அத்தை மகன் தன் மின்சார கிட்டாரை என்னிடம் விட்டுப் போயிருந்தார். ஆம்ப்ளிபையர் இல்லாவிட்டால் அது கொசு மாதிரிதான் முனகும் என்பதால், ஒரு வருடம் முழுக்க அதன் மரத்தில் காதை ஒட்டிவைத்துத்தான் பழகினேன். குருபோங் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அப்பா, தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், "வாம்மா, உன் 'சவுண்டு பொட்டி'யப் பாத்துட்டு வருவோம்" என்று மலாக்கா டவுனுக்கு அழைத்துப் போனார்.

கடையிலிருந்த சீனத்து அக்கா, எங்கே வைத்து வாசிப்பேன் என்று மலாயில் விசாரித்தாள். தாமான் குடியிருப்பு வீடு, சுவரை ஒட்டி அடுத்த வீடு என்றதும், பெரிய பெட்டிகளையெல்லாம் தாண்டிப் போய், சோற்றுப் பானை அளவிலிருந்த பத்து வாட் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். வீட்டில் பழக சத்தம் முக்கியமில்லை, குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்கிறதா என்று பார் என்றாள். ஹெட்போன் மாட்டும் இடத்தையும் காட்டினாள். குமிழைக் கொஞ்சமே திருப்பி வாசித்தேன். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது. ஒரு வருடமாக நான் எதைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. விலையும் அப்பாவின் கைக்கு எட்டுவதுதான்.

அப்போதுதான் அப்பா குணா அங்கிளுக்குப் போன் போட்டார். பள்ளித் தோழர், கல்யாண வீடுகளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டார் வாசிப்பவர். இசை என்றால் அப்பாவுக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

"பத்து வாட்டா? அது வெளையாட்டுச் சாமான் லா! என்கிட்ட நூறு வாட் சும்மா கெடக்கு. அதே வெலைக்குத் தர்றேன்" என்ற குரல் கடை முழுக்கக் கேட்டது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அவன் மேடையில வாசிக்கிறவன்மா, அவனுக்குத் தெரியாததா?" என்றார்.

மறுநாள் வேனில் வந்து இறங்கியது துணி அலமாரி அளவில் ஒரு பெட்டி. அப்பா கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, "பொம்பளப் பிள்ள, ரெண்டு மாசத்துல விட்டுரும். அப்ப நானே திரும்ப எடுத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார் குணா அங்கிள்.

குமிழை ஒன்றில் வைத்தால் வெறும் இரைச்சல். ஒன்றரைக்குத் திருப்பினால் ஜன்னல் அதிர்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தை அலறும். இரண்டுக்கும் நடுவில் இசை என்று ஒன்று இருக்கவே இல்லை. சூடேறினால் பின்புறத்திலிருந்து கரப்பான்கள் வரிசையாக இறங்கி வந்தன. ஆனாலும் வேலை முடிந்து வந்து அப்பா கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்குப்பா" என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நெடி தாங்காமல் மூன்றாவது வாரம் அம்மாதான் பின்பலகையைத் திருகிக் கழற்றினார். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருந்தது. காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டி மேலே கறுப்பு மை பூசியிருந்தார்கள். மூலையில் பஞ்சுக் கூடு, அதற்குள் காய்ந்து போன எலிக்குஞ்சுகள். அப்பா குனிந்து பார்த்தார். நேராக வெளியே போய் ஒரு வேனை இரவல் கேட்டு வந்தார்.

குணா அங்கிள் தன் வீட்டு வாசலில் சட்டையில்லாமல் நின்று பேசினார். "பொட்டியில ஒரு குறையும் இல்ல லா. உன் மகளுக்குத்தான் வாசிக்கத் தெரியல." அவருக்குப் பின்னால் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய கிட்டார் கிடந்தது. அதிலிருந்து போன வயர், கடையில் நான் வாசித்துப் பார்த்த அதே ரக பத்து வாட் பெட்டியில் முடிந்தது.

"அங்கிள், நீங்க அதுலதானா ப்ராக்டிஸ் பண்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். ஆனால் அப்பா பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை; அலமாரியை அவர் வாசலிலேயே இறக்கி வைத்து, "நீயே வெச்சுக்கடா" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. "நீ சட்டைய இழுத்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். சின்னப் பெட்டி அடுத்த தீபாவளிக்குத்தான் வீட்டுக்கு வந்தது.

இப்போது நான் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கடை போய், போன் உறை விற்கிற கடை வந்துவிட்டது. செருகி வாசித்துக் காதால் கேட்டு வாங்குகிற பழக்கமும் அதோடு போயிற்று. பெற்றோர் போனில் படம் பார்த்து, வாட் அதிகமானதை அமுக்கி வாங்கிவிட்டு என்னிடம் வருகிறார்கள். அப்பாவும் யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்பதை விட்டுவிட்டார்.

போன மாதம் செர்காமில் ஒரு கல்யாண விருந்து. தலைக்கு மை போட்ட குணா அங்கிள் எங்கள் மேசைக்கு வந்து, என் தோளில் கை போட்டு, "இந்தப் பிள்ளைக்கு மொத ஆம்ப் குடுத்ததே நான்தான் லா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். நான் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "இல்ல அங்கிள், எங்கப்பாதான் வாங்கிக் குடுத்தாரு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார். அங்கேயும் அதையே சொன்னது என் காதில் விழுந்தது.