மூன்றாம் பாகத்துக்கு இன்னொரு வாசகர்

பென்சில் கோடுகளை அழிப்பதற்கு முன்னால் பியன் சுக்ஜா அவற்றை ஒருமுறை படித்துவிடுவார். மூன்றாம் மாடி ஜன்னலோர மேசையில் நூலகப் புத்தகத்தை மல்லாக்க விரித்து வைத்துக்கொள்வார். ஓரத்தில் யாரோ எப்போதோ கிறுக்கிவிட்டுப் போன "ஆமாம்!", "பரீட்சைக்கு வரும்", "பசிக்கிறது" எல்லாவற்றுக்கும் உதட்டுக்குள்ளேயே ஒரு பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் ரப்பரை எடுப்பார். பசிக்கிறது என்று எழுதியவனுக்கு, "போய்ச் சாப்பிட்டுட்டு வாடா, புஸ்தகம் எங்கயும் ஓடிடாது" என்று பதில். ரப்பர்த் தூளை உள்ளங்கையில் கூட்டி அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். மேசையில் விட்டுவிட்டுப் போனால் துடைக்கிறவர்களுக்கு வேலை பாருங்கள்.

வயது ஐம்பத்தெட்டு. கொரியாவின் மேற்குக் கரையில் இருக்கும் குன்சானில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர விரிவுரையாளர். எஞ்சினியரிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறார். "அவங்க யோசிக்காம எழுதுறாங்க, நான் யோசிக்காம திருத்துறேன். ரெண்டு தரப்புக்கும் நஷ்டமில்ல" என்பார். எல்லாரும் "புரொபசரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "வகுப்புக்கு வந்துட்டுப் போறவளுக்கு எதுக்குய்யா அவ்வளவு பெரிய தொப்பி?" என்று சலித்துக்கொள்வாரே தவிர, அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கென்று ஓர் அறை கிடையாது. பகுதிநேரக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே கெட்டில். அதைக் கழுவ வேண்டியது யார் என்று ஓயாத சண்டை. அதனால் சுக்ஜா வீடாக வைத்துக்கொண்டது நூலகத்தைத்தான். கேட்ட புத்தகத்தைப் பேராசிரியர்களின் அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி அங்கே உண்டு. கணினி, அறை எண்ணைக் கேட்கும். ஒருநாள் வேண்டுமென்றே "மூன்றாம் மாடி ஜன்னல்" என்று அடித்துப் பார்த்தார். செல்லாது என்று சிவப்பில் சொன்னது. "நெசத்தைச் சொன்னா நம்பாது இது" என்று தானே இறங்கிப் போய் வாங்கிக்கொண்டார். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைத்த புத்தகங்கள் நீலப் பையில் வரும். அந்தப் பையைப் பிரிக்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறந்த வீட்டிலிருந்து பலகாரம் வந்தவள்போல் இருப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சு நன்றாகவே வரும் அவருக்கு. கேட்கத்தான் ஆளில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூசானில் ஒரு தங்கை இருக்கிறாள். அறுவடைத் திருநாளுக்குப் போன் செய்து, "உடம்பைப் பார்த்துக்க அக்கா" என்பாள், வைத்துவிடுவாள். வியாழனும் வெள்ளியும் வகுப்பு இருக்கிறது. மற்ற நாட்களில் காலையிலிருந்து படுக்கிறவரை அவர் வாயிலிருந்து வருவது மூலைக்கடையில் கிம்பாப் சோற்றுருளை வாங்கும்போது சொல்லும் ஒரே வார்த்தைதான். "பை வேணுமா?" என்பாள் கல்லாவில் இருக்கிற பெண். "வேண்டாம்." சில நாள் அந்த ஒரு வார்த்தைகூடத் தொண்டையில் சிக்கிக் கரகரவென்று வரும். அப்போது அவருக்கே தன்மேல் பாவமாக இருக்கும்.

அவருடைய சொந்தப் படிப்பு கட்டுரை எழுதுவது அல்ல. மேற்குக் கடலில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகளுக்கு அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான். அதைப் பற்றிய பழைய தொகுப்பு ஒன்றின் மூன்றாம் பாகம் இந்த நூலகத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் ஒரே பிரதி. மட்டிக் காகிதம், மங்கிய அச்சு. அதை சுக்ஜா எடுத்துப்போனது எந்த வருஷம் என்று அவருக்கே நினைவில்லை. திங்கட்கிழமை தோறும் கைப்பேசியில் நூலகச் செயலியைத் திறந்து, புத்தகத்தின் பெயருக்குக் கீழே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தி, தவணையை நீட்டித்துக்கொள்வார். வேறு யாராவது கேட்டால்தானே நீட்டிக்க முடியாமல் போகும்! யாரும் கேட்டதே இல்லை. அதுதான் சௌகரியம், அதுவே வருத்தமும்கூட. "இந்த உலகத்துல ஒரே ஒருத்தர், இன்னும் ஒரே ஒருத்தர் இதைக் கேட்டாப் போதும்மா. நான் பைத்தியக்காரி இல்லேன்னு ஆயிடும்" என்று, புத்தகம் கொடுத்து வாங்கும் கடன் மேசையில் இருக்கும் ஓக் மிரியோங்கிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மிரியோங் நாற்பது வயதுக்காரி, கைவேலையை நிறுத்தாமலே காது கொடுப்பவள்.

போன இலையுதிர்காலத்தில், கிங்கோ மரத்துப் பழங்கள் மிதிபட்டு நூலகப் படிக்கட்டே நாறிக்கொண்டிருந்த ஒரு நாளில், கேட்டுவிட்டார்கள்.

மூலைக்கடையில் நின்றபோதுதான் கைப்பேசியில் செய்தி வந்தது. தாங்கள் எடுத்திருக்கும் நூலை வேறொரு வாசகர் முன்பதிவு செய்துள்ளார், இனி நீட்டிக்க இயலாது. சுக்ஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாப் பெண்ணிடம் கைப்பேசியை நீட்டி, "பாரும்மா, என் புஸ்தகத்தை யாரோ கேட்டிருக்காங்க!" என்றார்.

"பை வேணுமா?" என்றாள் அவள்.

"குடு, குடு! இன்னைக்குக் குடு!"

தவணை முடிய இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும் அன்றைக்கே வீட்டுக்கு ஓடிப்போய், புத்தகத்தின் அட்டையை ஈரத்துணியால் துடைத்து, தான் போட்டிருந்த பென்சில் கோடுகளையெல்லாம் அழித்து, அந்தப் பையிலேயே போட்டுக்கொண்டு கடன் மேசைக்கு வந்துவிட்டார்.

"யாரும்மா அது? மாணவனா? வாத்தியாரா?"

"சொல்லக்கூடாது புரொபசரம்மா. சொன்னா என் வேலை போயிடும்."

"பேரு வேண்டாம். ஆம்பளையா பொம்பளையா?"

"அதுவும்தான் கூடாது. திரும்பி வர்ற புஸ்தகமெல்லாம் எந்திரத்துல போயி தானா சீட்டு ஒட்டிக்கிட்டு வருது. நான் பாக்குறதுகூட இல்ல."

சரி, கேட்கக்கூடாதுதான். காத்திருக்கக்கூடாது என்று சட்டமில்லையே! முன்பதிவுப் புத்தகங்கள் அடுக்கும் அலமாரி கீழ்த்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில். எதிரே ஒரு சோபா, மதியத்தில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதற்கென்றே போட்டது. மறுநாள் காலையிலிருந்து சுக்ஜா அதில் உட்கார்ந்துவிட்டார். எந்திரத்தில் சூடான காபி டப்பா இரண்டு வாங்கினார், ஒன்று தனக்கு, ஒன்று வரப்போகிறவருக்கு. என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்தார். வந்ததும் வராததுமாக நூற்று இருபதாம் பக்கத்துத் தப்பைச் சொல்லக்கூடாது, ஆள் மிரண்டுவிடும். முதலில் காபி. அப்புறம் எந்தத் தீவு பிடிக்கும் என்று கேட்க வேண்டும். யார் யாரோ வந்தார்கள், யார் யாரோ எடுத்துப்போனார்கள். மூன்றாம் பாகம் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் இரண்டு காபியையும் அவரே குடித்தார்.

அதற்கடுத்த நாளும் யாரும் வரவில்லை. இதுவரை கண்ணியமாக விலகியே இருந்தவர், மதியத்துக்கு மேல் பொறுக்காமல் எழுந்துபோய்ப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். வாசகர் பெயரின் நடு எழுத்தை வட்டம் போட்டு மறைத்துத்தான் அங்கே ஒட்டுவார்கள்.

பியன் ○ ஜா.

அடடா, அந்த முகத்தை அப்போது யாராவது பார்த்திருக்க வேண்டும்! பியன் வம்சத்துக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; எங்கே சந்தித்தாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் வந்துவிடும். போதாததற்கு 'ஜா' என்று முடிகிறது. அப்படிப் பெயர் வைப்பது அவர் வயதுக்காரிகளோடு நின்றுபோயிற்று. அப்படியென்றால் தன் வயதில், தன் வம்சத்தில் ஒருத்தி, தன்னைப் போலவே இந்தக் கிறுக்குப் பிடித்தவள், இதே வளாகத்தில் எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே!

"மிரியோங்! எங்க ஆளும்மா! எங்க வம்சம்! யோங்ஜாவா? மால்ஜாவா? பேரு சொல்ல வேண்டாம், ஆமாவா இல்லையான்னு தலையை மட்டும் ஆட்டு!"

வாசிப்புக் கூடத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். சுக்ஜா கொண்டுவந்து நீட்டிய புத்தகத்தை வாங்கி, மிரியோங் அதன் சீட்டைத் திரையில் சரிபார்த்தாள். திரையையும் சுக்ஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புரொபசரம்மா, உங்ககிட்ட பழைய மாணவர் கார்டு ஒண்ணு இருக்குல்ல?"

இருந்தது. துப்பறியும் கதைகள் எடுப்பதற்கென்றே அவர் வைத்திருக்கும் கார்டு. விரிவுரையாளர் கணக்கில் கொலைக்கதைகள் ஏறினால் மானக்கேடு என்று, அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்ற உரிமையில் தனியாக வாங்கிவைத்தது.

"போன திங்கக்கிழமை அந்தக் கணக்குல நுழைஞ்சிட்டு, வெளிய வராம அப்படியே நீட்டிக்கப் போயிருக்கீங்க. புஸ்தகம் உங்க இன்னொரு கணக்குல இருக்கு. அதனால நீட்டிப்புப் பொத்தான் இருக்கிற எடத்துல முன்பதிவுப் பொத்தான் வந்திருக்கு. ரெண்டும் பச்சைதான். புஸ்தகம் வந்துடுச்சுங்கிற செய்திகூடப் போயிருக்கு. அந்தக் கணக்குல உங்க பழைய வீட்டு போன் நம்பர் இருக்கு."

சுக்ஜா சீட்டை இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரித்தார். முதலில் நிஜமான சிரிப்புதான். "அட, என் பேரு எனக்கே தெரியலையே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில் எங்கேயோ அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"வேணும்னா, நான் எடுத்துப் படிக்கட்டுமா?" என்றாள் மிரியோங்.

"வேண்டாம்மா. பரிதாபப்பட்டுப் படிக்கிற புஸ்தகமில்ல அது."

"அப்ப இந்த முன்பதிவை நீக்கிடுறேன். உங்க விரிவுரையாளர் கணக்குலயே திரும்ப எடுத்துக்கலாம்."

"நீக்காதே." குரல் தெளிவாகவே வந்தது. "கேட்டவ வந்திருக்கா. அவளுக்கே குடு."

பழைய மாணவர் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மிரியோங் பதிவு செய்து, புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுக்ஜா வாசலை நோக்கி நடந்தவர், புத்தகம் தேடும் கணினியின் முன்னால் நின்றார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து விரிவுரையாளர் கார்டை எடுத்து வைத்தார். மூன்றாம் பாகத்தின் பெயரைத் தேடிப் பிடித்தார். வேறொருவர் எடுத்திருக்கிறார் என்றது திரை. அதற்குக் கீழே இருந்த பச்சை முன்பதிவுப் பொத்தானை, இந்தமுறை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, அழுத்தினார்.