வாய்க்கும் சேர்த்து ஒரு விலை

சிடுமூஞ்சி மேஸ்திரி என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். குளியலறையைப் புதுப்பிக்க விலை கேட்டால், மற்றவர்களைப் போலத்தான் கணக்குப் போடுவார்: தரையையும் சுவரையும் அளந்து டைல்ஸ், உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதல், சிமெண்ட், மணல், ஆள் கூலி, இடித்த குப்பையை அள்ள வண்டி. ஆனால் அளக்கும்போதே வீட்டுக்காரரின் வாயையும் எடைபோட்டு விடுவார். பின்னால் நின்று தொணதொணக்கிறவர் வீட்டில், ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டிவரும். மணலுக்கு விலை உண்டு, தன் ரத்தக்கொதிப்புக்குக் கிடையாதா என்பது அவர் கேள்வி.

அன்று அளக்கப் போனது சொந்த அக்கா வீட்டுக்கு. டேப்பைப் பிரித்ததுமே அக்கா புருஷன் ஆரம்பித்துவிட்டார். "இறுக்கிப் பிடி. போன தடவை அலமாரியையே நீ தப்பாத்தான் அளந்த."

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு அளந்து முடித்தார். விலையைச் சொன்னதும் மாமா குதித்தார்.

"பக்கத்து வீட்டுலயும் இதே பாத்ரூம், இதே டைல்ஸ். அவனுக்குக் கம்மியா முடிச்ச. சொந்தக்காரன்னா இளிச்சவாயனா?"

மேஸ்திரி டேப்பைப் படாரென்று சுருட்டினார்.

"அவரு சாவியைக் குடுத்துட்டு வெளியூர் போயிட்டாரு மாமா. வேலை முடிஞ்சப்புறம்தான் வந்தாரு. நீங்க இங்கயே இருப்பீங்க. அதுக்கும் சேர்த்துத்தான் இந்த விலை."

மாமா வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த கோபம் அதில் இருந்தது.

"பக்கத்து வீட்டு விலையையே போடுடா தம்பி. இவரை எங்கயாவது அனுப்பி வைக்கிறது என் பொறுப்பு."