தனி கார்டு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் ரவிக்கை அளவுகள்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே யோசிக்கிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்கிற ஒரே தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது என் மகன் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. "இதுல எந்த கேமும் ஓட மாட்டேங்குதும்மா. தனி கார்டு போட்டாத்தான் சரியாவும்" என்றான். புதிது வேண்டாமாம். யாரோ கழற்றி வைத்தது மலிவாக வருகிறதாம். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே இருந்தேன். அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு இன்னமும் எங்கள் பழைய வீட்டுக் கூடம்தான் கண்முன் வருகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது இருக்கும். செஞ்சியில் எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, இரண்டு அறைகள். ஓர் அறையில் நைனா, அம்மா, நான். இன்னொன்றில் சித்தப்பாவும் சித்தியும். அவர்களோடு கம்ப்யூட்டரும்.

சித்தப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவது, கோட்டைக்குப் போகாதவர்களைக் கோட்டை முன்னால் நிற்க வைப்பது போன்ற வேலைகள். ஸ்டுடியோவுக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை முதலாளி சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டார். மஞ்சள் பூத்துப்போன பெட்டி. அதைச் சைக்கிளில் வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்தபோது நைனா வாசலில் நின்று, "இது இன்னாடா பண்ணும்?" என்று கேட்டார். "எல்லாம் பண்ணும்ணா" என்றார் சித்தப்பா. கேம் ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாம் பண்ணியது.

அதில் ஒரு கார் ரேஸ் இருந்தது. கார் கிளம்பும். நிற்கும். அடுத்து நாம் பார்க்கும்போது சுவருக்குள் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் அந்த அறைக்குள் புகுந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை வரமாட்டேன். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போவேன். சித்தி அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் எழுந்தால்தான் அவள் பாய் விரிக்க இடம் கிடைக்கும். ஒருநாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

கார் ஏன் சுவருக்குள் போகிறது என்று சித்தப்பாதான் எனக்கு விளக்கினார். "இந்த போர்டுல படம் காட்றதுக்குன்னு தனியா எதுவும் இல்ல பாப்பா. இருக்கிற மெமரியையே கம்ப்யூட்டரும் படமும் பங்கு போட்டுக்குது. அதான் ரெண்டும் உருப்படல. தனி கார்டு போட்டுட்டா அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

புதிய கார்டின் விலை அந்தப் பெட்டி முழுவதின் விலையைவிட அதிகமாக இருந்தது. அதனால் சித்தப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். கடைசியில் பாண்டியில் இருந்த ஒரு நண்பர் தன்னுடையதை மாற்றப்போவதாகவும், கழற்றியதைத் தருவதாகவும் சொன்னார். வாங்கும்வரை நைனாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சித்தப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் கார்டு என்றால் ரேஷன் கார்டு ஒன்றுதான். அது அலமாரியில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கும். சித்தி பனமலையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, அவள் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து பேரை எடுத்து எங்கள் கார்டில் சேர்த்தார்கள். தனி கார்டு கேட்பது என்றால் தனி அடுப்பு கேட்பது. அண்ணன் தம்பி பிரிவது. அந்த வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். எனக்கு அது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவர் நினைவெல்லாம் காரில் இருந்தது.

ஒருநாள் காலையில் கூடத்து போனில் அவர் பாண்டி நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மச்சான், இனிமே இதுல ஓட்ட முடியாது. எல்லாம் ஒண்ணுலயே பங்கு போட்டுக்கினா எப்பிடி? தனி கார்டுதான் ஒரே வழி... அண்ணன்கிட்டயா? இன்னும் சொல்லல. சொன்னா உடமாட்டாரு. மொதல்ல கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னும்போது அம்மா கேட்டாள். "உங்க சித்தப்பா கார்டு வாங்கப் போறாராமே. உனக்குத் தெரியுமா?"

ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். "தெரியும்மா. எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாரு."

"உங்கிட்ட சொல்லிட்டாரா?"

"ஆமா. வந்தா ரொம்ப நல்லா இருக்கும்மா. இப்ப எல்லாம் ஒண்ணுலயே கெடந்து இழுக்குது."

அம்மா பாதியில் பின்னலை விட்டுவிட்டு எழுந்து போனாள். மீதியை நானே பின்னிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அம்மா நைனாவிடம் சொல்லியிருக்கிறாள். நைனா, "கேக்கட்டும். அவனா வாயத் தொறந்து கேக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா வழக்கம்போல எல்லோருக்கும் சோறு போட்டாள். சித்தப்பாவுக்குப் போடும்போது மட்டும் கரண்டி தட்டில் இடித்தது. ஒரு கார்டுக்கு இவ்வளவா என்று எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொண்டூரிலிருந்து அத்தை வந்துவிட்டாள். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள் அவள். குடும்பத்தில் எது நடந்தாலும் பஸ் ஏறிவிடுவாள். சித்தப்பா காலையிலேயே பாண்டிக்குப் போயிருந்தார். அத்தை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தான் கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, தானே உரித்துத் தின்றுகொண்டு அவருக்காகக் காத்திருந்தாள். நைனா நாற்காலியில். அம்மா சமையலறை நிலைப்படியில். சித்தி பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கேயும் போகவில்லை. எனக்கு அந்தக் கார்டைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் நின்றே வந்திருப்பார் போல, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எங்கடா போயிட்டு வர?" என்றாள் அத்தை.

"பாண்டிக்குக்கா. நீ எப்ப வந்த?"

"கார்டு விஷயமா போனியா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தெரிஞ்சிடுச்சா?" என்று சிரிக்கப் பார்த்தார். "ஆமாக்கா. வாங்கிட்டேன்."

நைனா கண்ணை மூடித் திறந்தார்.

"வாங்கியே புட்டியா? அண்ணன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல உனக்கு?" என்றாள் அத்தை.

"கேட்டா உடுவாராக்கா? இருக்கிறதே போதும்பாரு. எத்தினி நாளைக்குத்தான் இதுலயே இழுத்துக்கினு கெடக்கிறது?"

"நான் இன்னா கொற வெச்சேன்?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"ஐயோ, நீங்க இன்னா அண்ணி பண்ணுவீங்க. அதோட அமைப்பே அப்பிடி."

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அத்தை விடவில்லை.

"எவன்டா குடுத்தான் உனக்குக் கார்டு, பாண்டியில?"

"என் பிரண்டுதான்க்கா. அவன் புதுசு மாத்திக்கினான். பழச எனக்குக் குடுத்துட்டான்."

"அடுத்தவன் கார்ட வெச்சிக்கினாடா குடும்பம் நடத்துவ?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா. ரப்பர் போட்டு அழுத்தித் தேச்சா புதுசு மாரி ஆயிடும்."

"அழிச்சிட்டு உன் பேர எழுதிக்குவியா? உள்ள புடிச்சிப் போடுவாண்டா."

சித்தப்பா எதுவும் புரியாமல் நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சித்தி வந்தாள்.

முழங்கை வரைக்கும் சாம்பல். எங்கள் வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது சித்தி கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. நேராக நடந்து வந்து சித்தப்பாவின் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டாள். அவள் முகம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்க்கவில்லை. அந்த போட்டோவைச் சித்தப்பாவே சரிசெய்திருந்தும்.

"அவர மட்டும் சொல்லாதீங்க அண்ணி" என்றாள் அத்தையிடம். "நான்தான் கேக்கச் சொன்னேன். வந்ததுலேர்ந்து நான்தான் சொல்லிக்கினு இருக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்திக்கும் கேம் பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவளும் எங்கள் கட்சிதான் என்று மனசுக்குள் குதித்தேன்.

"அதான பாத்தேன்" என்றாள் அத்தை. "இவனுக்கு ஏது இவ்ளோ வாயி."

சித்தப்பா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். "நீ எப்ப சொன்ன? உனக்கு இதுல இன்னா தெரியும்?"

சித்தி அவரையே பார்த்தாள்.

"எங்க, காட்டு" என்று நைனா கையை நீட்டினார். சித்தப்பா பையிலிருந்து பேப்பர் சுற்றிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நைனா பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதன்மேல் ஒரு சின்னக் கறுப்பு ஃபேன். நைனா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாடா?"

"கார்டுண்ணா. கம்ப்யூட்டருக்கு. கேம் நல்லா ஓடும்."

அத்தைதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "இதுக்கு மாசம் எத்தினி கிலோ அரிசிடா போடுவான்?" என்றாள். அவ்வளவுதான். நைனா சிரித்தார். அம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. சித்தப்பாவுக்குப் புரியத்தான் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"தனி கார்டா? நானா? உயிரே போனாலும் நான் போயி அதக் கேப்பனாண்ணா?"

நைனா எழுந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "தெரியும்டா" என்றார். தெரிந்தவர் மாதிரி அவர் இத்தனை நாளும் நடந்துகொள்ளவில்லை. ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. அத்தை எல்லோருக்கும் மல்லாட்டையை அள்ளிக் கொடுத்தாள்.

சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த சாம்பல் காய்ந்து வெளுத்திருந்தது. அவள் சொன்னதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சித்தி பின்பக்கம் போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடியும் கேட்டது.

நானும் சித்தப்பாவும் உடனே வேலையில் இறங்கினோம். என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரால் கார்டின் பித்தளைப் பற்களை அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். இறுகிப்போயிருந்த சின்ன ஃபேனுக்கு அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். பழைய பெட்டி இவ்வளவு கரண்டைத் தாங்காது என்று நண்பர் சொல்லியிருந்ததால், சிடி போடுகிற பாகத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சூடு ஏறாமல் இருக்கப் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, சித்திக்குச் சீராக வந்த டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்தோம். முதல் தடவை திரை கறுப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திப் பொருத்தியதும் படம் வந்தது.

கார் சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அத்தைகூட வந்து நின்று, "அட, பாண்டி பஸ்ஸவிட நல்லாப் போவுது" என்றாள். நைனாவும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்தார்கள். சித்தி மட்டும் இல்லை.

நான் இருந்த சந்தோஷத்தில் என் கூச்சத்தை மறந்து கத்தினேன். "சித்தி, வாங்க. நீங்கதான கேக்கச் சொன்னீங்க. வந்து பாருங்க."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. சித்தப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஈரமா இருக்குது பாப்பா" என்று பின்பக்கத்திலிருந்து சித்தியின் குரல் வந்தது. "நீ ஆடு."

இன்றைக்கு எனக்கு அன்றைய சித்தியைப் போல இரண்டு மடங்கு வயது. அன்று நான் நினைத்ததெல்லாம் வேறு. பெரியவர்கள் முன்னால் கேம் ஆடச் சித்திக்கு வெட்கம், பாவம், கேட்டதே பெரிது என்று நினைத்தேன். எல்லோரும் போனபிறகு வருவாள் என்று சிவப்புக் காரை அவளுக்காக எடுத்துவைத்துவிட்டு, நீலக் காரை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சித்திதான் எங்கள் வீட்டுக் கார்டையும் கேனையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.