ரிமோட் மட்டும் மிஞ்சியவர்கள்

ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் அத்தானின் தம்பி. அதில் அவனுக்கு ஒரு பெருமை. வாழ்க்கையில் அவன் முழுதாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நினைப்பதோடு சரி, சொல்லமாட்டாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்து, அப்படியே தங்கி, அக்கா புருஷனின் ஸ்டுடியோவில் தரை துடைத்து, யாரும் இல்லாத நேரத்தில் அங்கிருந்த கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அந்த அறையில் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேரின் பருவை எடுத்தவள் அவள்தான். பல்லை வெளுத்தாள், தொப்பையைக் கரைத்தாள், தூங்கி வழிந்த மாப்பிள்ளைகளுக்குக் கண்ணைத் திறந்துவிட்டாள். இப்படிப்பட்ட வேலை பார்க்கிறவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வர வழியில்லை. தெருவில் யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனால், 'உன் ரெண்டாவது தாடையை அழிச்சவ நான்' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய்விடுவாள்.

அத்தானின் தம்பியை எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிட்டார்கள். எப்போதோ ஒரு படப்பிடிப்பில் மூன்று நாள் குடை பிடித்திருந்தான். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டான். கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளேயும் கழற்றமாட்டான். அவன் எடுத்து வரும் வீடியோவில் வானம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், ஓரத்தில் அவன் விரல் தெரியும். வானத்தை நிமிர்த்தி விரலை அழிப்பது அவள் வேலை. கேட்டால், "கோணல் இல்ல, அது என் ஸ்டைல்" என்பான்.

அத்தான் கெட்டவர் இல்லை. கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவருடைய பேச்சு. காலையில் அக்கா சொன்னது மத்தியானம் வரை தாங்கும். மத்தியானம் தம்பி வந்து உட்கார்ந்தால் அதோடு போச்சு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கட்டுமான நிறுவனத்தின் இன்ஜினீயர் ஸ்டுடியோவுக்கு வந்தார். புதிதாக எழும்பப்போகும் அடுக்குமாடிக் கட்டடத்தை மாதம் ஒரு நாள் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். நாலு மூலை, நாலு படம். ஒவ்வொரு மாதமும் அதே இடம், அதே உயரம். ட்ரோன் விடுவதற்கான அனுமதியை அவர்களே வாங்கிவிடுவார்கள்.

"முதல் தடவை பாப்போம். சரியா வந்தா கட்டடம் முடியிற வரைக்கும் உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார்.

பின்னறைக்கு ஏற்கெனவே வேலை குறைந்துபோயிருந்தது. இப்போது ஃபோனே பருவை எடுத்துவிடுகிறதே. இந்த வேலையும் தட்டிப்போனால் பின்னறையைக் காலி செய்து யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம் என்று டைரக்டர் தன் அண்ணனின் காதில் ஓதியதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் கேட்டாள். அறை போனால் அவளுக்கு மறுபடியும் அக்கா வீட்டு அடுப்படிதான்.

ஸ்டுடியோவில் யாரும் அதுவரை ட்ரோனைத் தொட்டதில்லை. ஆனால் டைரக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"கறுப்புல ஒரு மாடல் வந்திருக்குண்ணா. ஏழு கிலோமீட்டர் போகும். மணிக்கு எழுபது ஸ்பீடு. பறக்குறப்போ ராக்கெட் மாதிரி இருக்கும்."

"அப்படியா!" என்றார் அத்தான்.

கட்டடம் நிற்கப்போகிற மனையோ இரண்டு தெரு அகலம். ஏழு கிலோமீட்டர் தள்ளி எந்தச் சித்தப்பா காத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாலு மூலையில் அசையாமல் நிற்க வேண்டிய சாமானுக்கு எழுபது ஸ்பீடு எதற்கு என்பதும் விளங்கவில்லை.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளன் டைரக்டரின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தே பேசினான். பேசினான் என்பதைவிட அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தான் என்பதுதான் சரி. இவன் ஒரு தடவைகூட ட்ரோன் விட்டதில்லை என்று, பெட்டியிலிருந்து அதை எடுக்கும்போது கேமராவின்மேலேயே கட்டை விரலை அழுத்தியதைப் பார்த்து அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

"ரிமோட்டுக் குச்சியிலேர்ந்து கையை எடுத்துட்டா ட்ரோன் அப்படியே நிக்குமா?" என்றாள்.

குரல் எங்கிருந்து வந்தது என்று விற்பனையாளன் சுற்றிலும் பார்த்தான். "என்ன மேடம்?"

"ரெண்டு கையையும் எடுத்துட்டா. காத்து அடிச்சாலும் நகராம நிக்குமா?"

"எல்லாமே நிக்கும் மேடம். இப்ப வர்றது எல்லாமே நிக்கும்."

"காட்டுங்க."

"டெமோ பீஸ்ல சார்ஜ் இல்ல மேடம்."

"விசிறி உடைஞ்சா அது மட்டும் தனியா கிடைக்குமா?"

"உடையவே உடையாது மேடம்!"

டைரக்டர் சிரித்தான். "வாங்குறதுக்கு முன்னாடியே உடைக்கிறதப் பத்திப் பேசுறா பாருங்கண்ணா. பன்னெண்டு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, திறந்த வாய் இப்படி!"

அத்தானும் சிரித்து வைத்தார். எதையும் நாளைக்குச் செய்வது அவர் வழக்கம் என்பதால், "நாளைக்கு வந்து எடுத்துக்கறோம் தம்பி" என்று கிளம்பிவிட்டார். அந்த வழக்கத்துக்கு அவள் முதல் தடவையாக நன்றி சொல்லிக்கொண்டாள்.

கடைக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு ரிப்பேர் கடை இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அலமாரியில் ட்ரோன்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே மாடல். ஒன்றுக்குக் கை இல்லை, ஒன்றுக்கு விசிறி இல்லை.

"பாத்தீங்களாண்ணா? சாம்பல் கலர் பூரா ஆஸ்பத்திரியில படுத்துக்கிடக்கு. கறுப்பு ஒண்ணாவது இருக்கா? அது கெட்டே போகாது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அத்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்" என்றார்.

அவளும் பார்த்தாள். டைரக்டர் இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம். ஏன் தப்பு என்பதுதான் தெரியவில்லை. பொத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிப் பின்தங்கினாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல. இன்னும் வாங்கவே இல்ல."

இப்போது நிமிர்ந்தாள். "வாங்காமலேயே என்கிட்ட வந்த முதல் ஆள் நீதான். மத்தவங்களுக்கு உடைச்ச பிறகுதான் மூளை வேலை செய்யும்."

"இது மட்டும் ஏன் இவ்வளவு வருது?"

"புதுசா ஓட்டுறவன் மரத்துல மோதுவான், செவுத்துல மோதுவான், மாமியார் வீட்டு மொட்டை மாடியில போடுவான். பொறுக்கி எடுத்துட்டு வருவான். ஒரு விசிறி, ஒரு கை மாத்துனா மறுபடியும் பறக்கும். சாமான் எல்லாம் கிடைக்குது."

"கறுப்பு?"

ரிப்பேர்க்காரி மேஜைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கூடையைக் காலால் வெளியே தள்ளினாள். கூடை நிறையக் கறுப்பு ரிமோட்டுகள். பதினாலு இருந்தன. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. ட்ரோன் ஒன்றுகூட இல்லை.

"விழுந்தா எடுத்துட்டு வரலாம். பறந்தே போயிட்டா எதை எடுத்துட்டு வருவான்? சிக்னல் கொஞ்சம் விட்டாப் போதும், அது பாட்டுக்குக் கிளம்பிடும். இதையாவது யாருக்காவது வித்துக் குடுங்கன்னு வெச்சுட்டுப் போறானுங்க. போன வாரம் ஒருத்தன் இங்க நின்னு அழுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரிமோட்டு புத்தம் புதுசா இருக்குன்னு சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். சத்தமாகச் சிரித்துவிட்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரிப்பேர்க்காரி சிரிக்கவில்லை. சரிசெய்து வைத்திருந்த சாம்பல் ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தலைக்கு மேலே ஏற்றி, இரண்டு கையையும் எடுத்துக் காட்டினாள். காற்று அடித்தது. ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து, அங்கேயே நின்றது. பிறகு அதைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு ரிமோட்டையே அணைத்தாள். ட்ரோன் கொஞ்சம் மேலே எழும்பி, திரும்பி, கிளம்பிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்கார்ந்தது.

டைரக்டர் பத்து மணிக்கு முன் கண் விழித்ததில்லை. மறுநாள் ஒன்பதரைக்கே அவள் அத்தானைக் கிளப்பி, நேரே ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போனாள். அத்தான் கூடையைக் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் யாரோடதும்மா?"

"ஏழு கிலோமீட்டர்காரங்களோடது" என்றாள் ரிப்பேர்க்காரி.

தம்பி வந்து சேருவதற்குள் சாம்பல் ட்ரோன் வீட்டுக்கு வந்துவிட்டது, இரண்டு உபரி பேட்டரியும் ஒரு பொட்டலம் விசிறிகளும் சேர்ந்து. டைரக்டரின் முகம் தொங்கிப்போனது.

"சரி, ஊமைக்கோட்டானே ஓட்டட்டும். நான் தொடமாட்டேன். வேலை கெட்டுச்சுன்னா அந்த அறையைக் காலி பண்ணிடணும். என்னண்ணா?"

கடைசியாகப் பேசியவன் அவன் ஆகிவிட்டான். "அதுவும் சரிதான்" என்றார் அத்தான்.

படம் எடுக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. விடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போனாள். ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே நாளில் வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு அலட்டல் என்று அவளுக்கு அலட்சியமாக இருந்தது. மூன்றாம் நாள் ட்ரோனின் மூக்கைத் தன் பக்கம் திருப்பினாள். இடது பக்கம் தள்ளினால் அது வலது பக்கம் போனது. பன்னிரண்டு வருஷமாகப் படங்களை இடம் வலமாகப் புரட்டிப் போட்டவளுக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்தாள். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. ட்ரோன் வேலியில் போய் மோதியது. டைரக்டரைப் பற்றி நினைக்கும் வார்த்தைகளையெல்லாம் அன்று அவள் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டாள். விசிறியை மாற்றினாள். மீதி நாள் முழுவதும் மூக்கைத் தன் பக்கம் வைத்தே ஓட்டினாள்.

குறித்த நாளில் மனையில் இன்ஜினீயர், மேஸ்திரி, அத்தான் எல்லோரும் நின்றார்கள். தொடமாட்டேன் என்றவன் வந்து முன்வரிசையில் நின்றான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. எழுபது ஸ்பீடு அவன் நாக்கில்தான் இருந்தது.

மூன்று மூலையும் சுத்தமாக முடிந்தன. நாலாவது மூலையில் கேமரா மனையைப் பார்க்க வேண்டும் என்றால் ட்ரோனின் மூக்கு அவளைப் பார்க்க வேண்டும். மெதுவாகத் திருப்பினாள். காற்று லேசாகத் தள்ளியது.

"லெஃப்ட்டு! ஏய், லெஃப்ட்டு!" என்று கத்தினான் டைரக்டர்.

அவனுடைய லெஃப்ட்டை அவள் கை நம்பிவிட்டது. ட்ரோன் பக்கத்துக் கட்டடத்துச் சாரத்தில் கட்டியிருந்த பச்சை வலையில் மோதி, வழுக்கிக்கொண்டே வந்து மணல் குவியலில் விழுந்தது.

"கதை முடிஞ்சுது" என்று கைதட்டினான் டைரக்டர். "அப்பவே சொன்னேன்ல?" அத்தான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் நடந்து போய் எடுத்தாள். மணலை ஊதினாள். கேமராக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், கீறல் இல்லை. இரண்டு விசிறிகள் முறிந்திருந்தன. பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து அங்கேயே மண்டியிட்டு மாற்றினாள். திருகாணி ஒன்று மணலில் விழுந்தது, தேடி எடுத்தாள். முடித்ததும் முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் குச்சிகளிலிருந்து கையை எடுத்தாள். நின்றது.

"இன்னும் என்னத்துக்கு? காயலான் கடைக்கு எடுத்துட்டுப் போ" என்றான் டைரக்டர்.

அவள் திரும்பினாள். அவன் கறுப்புக் கண்ணாடியை அவள் இவ்வளவு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதில் அவளே இரண்டாகத் தெரிந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

மேஸ்திரி களுக்கென்று சிரித்தார். டைரக்டர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வேறு எங்கோ பார்த்தார். சொன்ன பக்கமே போய் நின்றான்.

நாலாவது படம் கிடைத்தது. இன்ஜினீயர் அவள் ஃபோனை வாங்கி நாலையும் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடிவானம் நாலிலும் நேராக இருந்தது. மோதினதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதினது அவர் ட்ரோன் இல்லையே. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்ட நின்ற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்:

"அடுத்த மாசம் எத்தனை மணிக்கு வருவீங்க சார்?"

டைரக்டர் தொண்டையைச் செருமினான்.

"காலையில ஏழு மணிக்கு" என்றாள் அவள். "காத்து கிளம்புறதுக்கு முன்னாடி. நான் மட்டும்தான் வருவேன்."

இன்ஜினீயர் யார் பேசியது என்றுகூடப் பார்க்காமல் நோட்டில் ஏழு என்று எழுதினார். எழுதி முடிக்கிற வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் குனிந்து ட்ரோனின் கைகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.