கூட்டத்துக்கு வந்த குடங்கள்

கூட்டத்துக்கு விரித்திருந்த ஜமக்காளத்தின் முன்வரிசையில் அத்தையின் அலுமினியக் குடம் இருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பக்கத்தில் மற்றப் பெண்களின் தகர டின்களும் வாளிகளும். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் நம்முடையது. யாரும் தொடமாட்டார்கள். கூட்டத்துக்கும் அதுதான் சட்டம் என்று பெண்கள் நம்பிவிட்டார்கள்.

புதிதாகக் கிடைக்கவிருந்த ஒரே குழாயை எங்கே போடுவது என்று கேட்க, தமிழ் தெரியாத இந்திக்காரக் கவுன்சிலர் வருவதாக இருந்தது. ஆண்களுக்கு அது சாலையோரம், டீக்கடைப் பக்கம் வேண்டும். பெண்களுக்குச் சந்தின் உள்ளே வேண்டும். போகிறவன் வருகிறவன் பார்க்கக் குனிந்து நிமிர வேண்டாம், அடுப்பையும் பிள்ளையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஜுக்கிச் சங்கத் தலைவர், "பொம்பளைங்களும் வரலாம்" என்று பெருந்தன்மையாக அறிவித்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு! அந்த நேரத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அத்தையும் மற்றவர்களும் ஈரக்கையோடு ஓடிவந்தபோது குடங்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. முன்வரிசை முழுக்க ஆண்கள். டீக்கடைப் பக்கம் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

"எவன்டா எங் கொடத்த நவுத்துனது?"

அத்தை போட்ட சத்தத்தில் கவுன்சிலர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது கூட்டம். தண்ணி லைன் இல்ல," என்றார் தலைவர்.

"தண்ணிக்குத்தானய்யா கூட்டம்! ஒரு நாளாவது கொடம் தூக்கியிருக்கியா நீ? இடுப்பு எந்தப் பக்கம் வலிக்குதுன்னு ஒம் பொண்டாட்டியக் கேளு."

ஆண்களே சிரித்துவிட்டார்கள். அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏ பாப்பா, கவுன்சிலர் சாப்கிட்ட ஜல்தி சொல்லு. தூக்குறவங்க நாங்க. எங்களக் கேக்காம வேற யாரக் கேப்பீங்கன்னு."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு சொல் விடாமல் இந்தியில் சொன்னேன், அத்தையின் அதட்டலையும் சேர்த்து. கவுன்சிலர் "அச்சா" என்று மறுபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாகப் பேசினார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் சொல்லி என் தொண்டை வறண்டது. என் படிப்பு எதற்கு என்று அன்று எங்கள் சந்துக்கே தெரிந்தது.

குழாய் சந்துக்குள் வந்தது. இப்போது நான் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாராவது கூட்டத்துக்கு நேரம் குறித்தால், அந்த நேரத்தில் யார் வர முடியாது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஜுக்கியின் அடுத்த கூட்டம், பெண்கள் வேலை முடிந்து திரும்பும் பிற்பகலில் நடந்தது. தலைவர் தாமதமாக வந்து, உட்கார இடமின்றிப் பின்னால் நின்றார். அத்தை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாய்யா, இப்படி உக்காரு. ஒனக்கும் சேத்துத்தான் பேசுறோம்."